அவரே ரிசைன் செய்தார்

அமைச்சர்கள் ராஜினாமா செய்வார்கள். ஓசூரில் நாங்கள் ரிசைன் பண்ணுவோம். கன்னடக்காரர் ‘ரிசைன் மாடிபிட்டே’ என்பார், தெலுங்குக்காரர் ‘ரிசைன் சேசேசானு’ என்பார். வேலையை ஒருவர் தாமாகவே விட்டுவிடுவது என்று அதற்கு அர்த்தம். ஒரு தொழிற்சாலையில் ஆள் எடுப்பதையும் அனுப்புவதையும் பார்க்கும் பெர்சனல் ஆபீசராக இருந்த எனக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் அந்தச் சொல்லைத் தவறாகப் பயன்படுத்தினேன்.

ஆர்டர் குறைகிற மாதங்களில் மேலிருந்து ஒரு பட்டியல் வரும். நிறுவனமே ஆளை நீக்கினால் அரசாங்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆளே எழுதிக் கொடுத்துவிட்டால் தொல்லை இல்லை. எழுதி வாங்குவது என் வேலை. டீ வரவழைப்பேன், கதவைச் சாத்துவேன், வெள்ளைத்தாளை அவர் பக்கம் நகர்த்துவேன். எத்தனை பேரிடம் வாங்கினேன் என்று நினைவில்லை. ஒருவரை மட்டும் மறக்க முடியவில்லை.

சிங்காரப்பேட்டைக்காரர். தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் பதினான்கு வருடம் இருந்தவர். இங்கிலீஷில் எழுதினால்தான் செல்லும் என்று சொல்லி, ஒவ்வொரு எழுத்தாக நான் சொல்ல அவர் எழுதினார். பாதியில் பேனா நின்றது.

“இதுக்கு என்னங்க சார் அர்த்தம்?”

“நீங்களே விருப்பப்பட்டு வேலையை விடுறீங்கன்னு அர்த்தம்.”

“நான் விருப்பப்படலையே சார்.”

“அப்படித்தாங்க எழுதணும். கம்பெனியே நீக்கினா அப்புறம் எந்தக் கம்பெனி கேட்டுலயும் உங்களை உள்ள விட மாட்டாங்க.”

அது பொய். அவர் மிச்சத்தையும் எழுதினார். “சார் படிச்சவரு, சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று கையெழுத்துப் போட்டார். போகும்போது நன்றியும் சொன்னார்.

இப்போது ஓய்வு பெற்று, மூக்கண்டப்பள்ளியில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். படி துடைக்க ஒரு பெண் வருவார். போன மாதம் அவர் தன் கணவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

“எங்க ஊட்டுக்காரரு பெரிய கம்பெனில பர்மனெண்டா இருந்தாருங்க சார். சூப்பர்வைசர் ஏதோ சொல்லிட்டான்னு அவன் மூஞ்சில ரிசைன் லெட்டரை வீசிட்டு வந்த மகாராசா. ரோசம்! அந்த ரோசத்தத்தான் பதினோரு வருசமா நான் இந்த பக்கெட்ல புழிஞ்சிட்டு இருக்கேன்.”

எந்தக் கம்பெனி, எந்த ஷாப், எந்த ஊர் என்று கேட்டேன். சொன்னார்.

இரண்டு நாள் அவர் வரும் நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டேன். மூன்றாம் நாள் காலை படியிலேயே நிறுத்திச் சொன்னேன். “அவர் யார் மூஞ்சிலயும் வீசலைம்மா. நான்தான் உட்கார வெச்சு எழுதி வாங்கினேன். அவர் வேண்டாம்னுதான் சொன்னார்.”

என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. துணியைப் பிழிந்தார், மீதிப் படிகளைத் துடைத்தார், போய்விட்டார். அன்று மதியம் நான் நன்றாகத் தூங்கினேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவர் கணவரே வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“ஏன் சார் அவகிட்ட சொன்னீங்க?”

“உங்க மேல தப்பில்லைன்னு அவங்களுக்குத் தெரியட்டும்னுதான்.”

“எனக்காகவா சார் சொன்னீங்க?”

நான் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன்; அவர் நின்றபடியே பேசினார்.

“தெனமும் திட்டுவா சார். திமிரு புடிச்சவன், ரோசக்காரன்னு. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. மச்சானுங்ககூட, ‘மாமா வேலையைத் தூக்கி வீசிட்டு வந்தவரு’ம்பானுங்க. இப்ப சோத்தப் போட்டுட்டுப் பக்கத்துலயே உக்காந்துக்கறா. இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்தவாங்கறா. பாவமாப் பாக்கறா சார் என்னைய.”

மன்னிப்புக் கேட்டேன். அது அவருக்குத் தேவைப்படவில்லை.

“வயசாயிடுச்சு, ஆள் மாத்திச் சொல்லிட்டேன்னு அவகிட்ட சொல்லிடுங்க சார். அது போதும்.”

அந்தக் காலத்தில் அவருக்கு நான் எழுத்து எழுத்தாகச் சொன்னேன். இப்போது அவர் சொல்ல நான் கேட்டுக்கொண்டேன். மறுப்பதற்கு எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

மறுநாள் காலை படியில் காத்திருந்தேன். “அன்னைக்கு வேற ஆளை நெனச்சுச் சொல்லிட்டேம்மா. வயசு. உங்க வீட்டுக்காரர் தானாத்தான் ரிசைன் பண்ணினார்.”

அந்த அம்மா குனிந்தபடியே கேட்டார்.

“அவரு வந்திருந்தாருங்களா?”

இரண்டு படி துடைத்த பிறகு அவரே சொன்னார்.

“சரிங்க சார். நான் நம்பிட்டேன்னே அவர்கிட்ட சொல்லுங்க. இன்னிக்குப் போயி ரெண்டு வார்த்தை திட்டிடறேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஈரம்.”