கரையாது, உருகும்

கறம்பக்குடி மீன்கடையில் கேட்டு வாங்கிய ஐஸ்கட்டி என் டிபன் பாக்ஸில் இருந்தது. அன்று மூன்றாம் வகுப்புக்குத் திண்மம், திரவம் பாடம். நான் ஏறியிருந்த பஸ்ஸின் டிரைவரோ ஆற அமர டீ குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மூடியைத் திறந்து திறந்து பார்த்தேன். பார்க்கப் பார்க்க ஐஸ் சின்னதாகிக்கொண்டே வந்தது.

வகுப்பில் தட்டில் வைத்தபோது நெல்லிக்காய் அளவுதான் மிச்சம்.

"டீச்சர், ஐஸு கரையுது!" என்றாள் முன்வரிசைப் பெண்.

"கரையாது, உருகும். சீனிதான் தண்ணியில கரையும். எங்க, எல்லாரும் சொல்லுங்க."

"உருகும்!" என்று கத்தினார்கள். அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியை எட்டிப் பார்த்தார்.

"டீச்சர், அட்டெண்டன்ஸ் இன்னும் போன்ல ஏத்தலையா? ஒங்க கிளாஸ்தான் பாக்கி."

எங்கள் பள்ளியில் வாசல் புங்கமரத்தடியில்தான் சிக்னல் கிடைக்கும். எரிச்சலோடு போய்ப் போனைத் தூக்கிப் பிடித்தேன். திரையில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் தட்டைச் சுற்றி ஒரே தலைகள்.

"யாரும் கையில எடுக்காதீங்க! கரைஞ்சிரும்!" என்று அங்கிருந்தே கத்தினேன்.

உள்ளேயிருந்து மொத்த வகுப்பும் திருப்பிக் கத்தியது: "உருகிரும் டீச்சர்!"

ஓடிப் போய்ப் பார்த்தேன். தட்டில் வெறும் தண்ணீர். பாடம் முடிந்துவிட்டது. கையிலிருந்த போனில் வட்டம் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.