தகரம் கழற்றிய பந்தல்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடமாகத் தயங்கிக்கொண்டே இருந்துவிட்டேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். சாமி சம்பந்தப்பட்டதை எழுதும்போது ஒரு வார்த்தை கூடினாலும் தப்பு, குறைந்தாலும் தப்பு என்கிற பயம். ஆனால் எங்கள் சொந்தத்தில் இப்போது இதை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லித் திரிகிறார்கள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் வீடு. மொட்டை மாடியில் இரும்புக் குழாய் நட்டு, தகர ஷீட் போட்டிருந்தோம். ஐப்பசி பிறப்பதற்குள் மாடியை மழைக்குத் தயார் செய்துவிடுவோம். வேப்பஞ்சருகைக் கூட்டி அள்ளி, தண்ணீர் இறங்கும் ஓட்டைகளைக் குச்சி விட்டுக் குத்தி, ஒரு குடம் தண்ணீரைக் கொட்டிப் பார்ப்போம். அது கடகடவென்று இறங்கினால்தான் மனசு ஆறும். பிறகு துளசித் தொட்டியைச் சுவரோரம் நகர்த்தி, ஷீட்டை நைலான் கயிற்றால் இழுத்துக் கட்டுவோம்.

அந்த வருடம் ஐப்பசிக் கடைசியில் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு சிதம்பரம், மண்டபமும் அங்கேதான். பந்தக்கால் எங்கள் வீட்டில் ஊன்ற வேண்டும். வாசலில் ஊன்ற மண் கிடையாது, தெரு முழுக்க சிமெண்டு. அதனால் மாடியிலேயே, பெயிண்ட் வாளியில் மணல் நிரப்பி மூங்கிலை ஊன்றினோம். மஞ்சள் குங்குமம் வைத்து, மாவிலையும் நவதானியம் முடிந்த மஞ்சள் துணியும் கட்டி, பால் ஊற்றினோம். மூங்கில் சாயாமல் இருக்க, ஷீட்டைத் தாங்கும் குழாயோடு சேர்த்துக் கட்டினோம். ஊன்றிவிட்டால் கல்யாணம் முடிகிற வரைக்கும் அதை அசைக்கக் கூடாது.

மறுநாளே டிவியில் புயல் என்றார்கள். கல்யாண வேலைக்கு வந்திருந்த என் மச்சான், மனைவியின் தம்பி, கிள்ளையில் செல்போன் கடை வைத்திருக்கிறவன், ஷீட் அத்தனையையும் கழற்றி இறக்க வேண்டும் என்றான். பறந்துபோய்த் தெருவில் யார் கழுத்திலாவது இறங்கினால் என்ன செய்வது என்று கேட்டான். நான் முடியாது என்றேன். பந்தக்கால் ஊன்றிய பந்தலைக் கல்யாணத்துக்கு முன்னால் எந்தத் தகப்பனாவது பிரிப்பானா? கயிற்றை இரட்டையாகப் போட்டு, மணல் மூட்டை வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

"ஏன் மாமா, புயலுக்கும் பத்திரிகை வச்சிட்டீங்களா? பந்தக்கால் இருக்குது, பாத்து அடின்னு?"

"என் பொண்ணு வாழ்க்க மச்சான் இது. வெளையாடாத."

டீ கொண்டுவந்த மனைவி டம்ளரைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்தாள். ஷீட்டைப் பார்த்தாள், மூங்கிலைப் பார்த்தாள்.

"என்னாங்க, நாம ஊனுனது பந்தக்கால. தகரம் அதுக்கு முன்னாடியே கெடக்குது. காலத் தொடாதீங்க, தகரத்த மட்டும் எடுங்க. சிதம்பரத்துல சாமியே ஆகாசமாத்தான நிக்கிறாரு. நம்ம பந்தலுக்கு அது போதாதா?"

எத்தனையோ தடவை அந்தச் சன்னதியில் நின்றவன் நான். எனக்கு இது தோன்றவில்லை. நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு ஸ்பேனரை எடுத்தேன்.

துருப்பிடித்த போல்ட்டுகளில் சிலதை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஷீட்டுகளை ஹாலில் அடுக்கினோம். மாப்பிள்ளை வீட்டார் பார்த்தால் தகரத்தைச் சீர்வரிசையாகக் கொடுக்கிறோம் என்று நினைப்பார்கள் என்று மச்சான் கிண்டல் செய்தான். மாடியில் குழாய்களும் மூங்கிலும் மட்டும் நின்றன. கீழே இறங்கினேன். தப்பு செய்துவிட்டேனோ என்று மகள் முகத்தைப் பார்க்கவே கூசியது.

மறுநாள் முற்பகலில் காற்று பிடித்தது. பூஜை அறையில் ஐந்தெழுத்தைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். காற்று அடங்கியும் மழை இரண்டு நாள் விடவில்லை. அது வெறித்த காலையில் மேலே ஏறினோம்.

வேப்பமரம் பாதியாக முறிந்து கிடந்தது. எதிர் வீட்டு மாடியில் ஷீட் குழாயோடு பெயர்ந்து, காகிதம் மாதிரி சுருண்டிருந்தது. தெருவே வீட்டுக்குள் இருந்ததால் யாருக்கும் அடி இல்லை. எங்கள் மூங்கில் நின்றது. மாவிலை ஒன்றுகூட உதிரவில்லை என்று சொல்ல மாட்டேன், பாதி போய்விட்டது. மஞ்சள் துணி முடிச்சு மட்டும் அப்படியே இருந்தது. கிட்டே போன மனைவி சட்டென்று கைகூப்பிவிட்டாள். மழையில் ஊறிய நவதானியத்தில் பயறு முளைவிட்டு, துணி இழைகளுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக வெளியே வந்திருந்தது. தகரம் மேலே தங்கியிருந்தால்கூட அந்த முடிச்சு இப்படி ஊறியிருக்காது. மகளைக் கூப்பிட்டோம். அவள் ஒரு முளையை விரல் நுனியால் தொட்டாள்.

கல்யாணம் முடிந்து மணமக்களோடு சிதம்பரம் கோயிலில் அந்தச் சன்னதிக்குப் போனோம். திரை விலகியது. தங்க வில்வ மாலை, அதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததில் எங்கள் மாடி தெரிந்தது எனக்கு. வாய் ஓயாத மச்சான்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

இப்போது சொந்தக்காரர்கள், தகரம் மேலே இருக்கும்போதே புயல் எங்கள் வீட்டைச் சுற்றிக்கொண்டு போனதாகச் சொல்கிறார்கள். அப்படி இல்லை. இதை நம்பி யாராவது தகரத்தை விட்டுவைத்தால் அந்தப் பாவம் என்னைச் சேரும். படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் ஷீட்டைக் கழற்றியதையும் சொல்லுங்கள், பயறு முளைத்ததையும் சொல்லுங்கள். ஒன்றை விட்டு ஒன்றைச் சொல்லிவிடாதீர்கள்.