இடப்பக்கத்து பிரேக்

எங்கள் காரில் என் மனைவி உட்காரும் இடப்பக்கத்து ரப்பர் கால்மிதியில் ஒரு ஓட்டை உண்டு. அவளுடைய வலது பாதம் போட்டது. ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் இருபது கொண்டை ஊசி வளைவிலும், நான் பிரேக்கை மிதிப்பதற்கு ஒரு நொடி முன்னால் அவள் அங்கே மிதித்துவிடுவாள். இத்தனை வருடம் வண்டியை நிறுத்தியது யார் என்பதில் எனக்கே சந்தேகம்தான்.

ஒரு நாள் பாதி இறக்கத்தில் முன்சக்கரத்திலிருந்து புகை வந்தது. பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. தடுப்புச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றோம். நான் ஏதோ ஜோக் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"வண்டி நிக்கும்னு எனக்குத் தோணுற வரைக்கும் நான் பஸ்ஸுலயே போய்க்கறேனுங்க."

அவளுக்கு மாதம் ஒருமுறை சேலத்தில் கண்ணில் ஊசி. எங்கள் ஊர் நாகலூரில் ஒரு பஸ், ஏற்காட்டில் மாறி இன்னொன்று. மலைப்பாதையில் பஸ் ஏறினால் வாந்தி. ஒரு கண்ணில் கட்டும் மடியில் பிளாஸ்டிக் பையுமாக இரண்டு தடவை திரும்பி வந்தாள். மூன்றாவது மாதம், "இந்த வாட்டி வேண்டாமே" என்றாள். ஊசியைத் தள்ளிப்போட்டால் பார்வை போய்விடும் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். அன்றைக்கே மெக்கானிக்கை வரவழைத்தேன்.

அவர் குனிந்து பார்த்தவுடன் கண்டுபிடித்தது அந்த ஓட்டையைத்தான். "ஏனுங்க, இந்தப் பக்கமும் ஒரு பிரேக்கு வெச்சிருந்தீங்களாட்ட இருக்குதே?" என்றார். காப்பி கொண்டுவந்த மனைவி, அதுதான் நன்றாகப் பிடிக்கும் என்றாள்.

பிறகு பேச்சு வேலைக்கு வந்தது. வெறும் பிரேக் பேட் மாற்றினால் போதாது என்றார். இரண்டு வழி சொன்னார். ஒன்று, பெரிய டிஸ்க். அதற்கு எங்கள் சக்கரம் சின்னது, சக்கரத்தையும் மாற்ற வேண்டும். இன்னொன்று, எங்கள் வண்டிக்கு அடுத்து வந்த மாடலில் இருக்கும், மிதிக்கிற பலத்தைப் பெருக்கும் பூஸ்டர். விரலால் தொட்டாலே நிற்கும். ஆனால் எஞ்சின் ஓடினால்தான் அதற்கு உயிர். எஞ்சின் நின்றால் இரண்டு மிதி தாங்கும், மூன்றாவது மிதிக்குப் பெடல் கல்.

"எஞ்சினை அமத்திப்போட்டு எறங்குற பழக்கமுங்களா?"

எங்கள் மலையில் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு ரகசியப் பெருமை உண்டு. மேலே சாவியை அணைத்தால் அடிவாரம் வரை பெட்ரோல் இல்லாமல் போய்ச் சேரலாம். நானும் நியூட்ரலில் உருட்டியே கீழே போய்ச் சேரும் ஆள். கியரின் பிடிப்பு இல்லாமல் முழுப் பாரமும் பிரேக்கின் மேல்தான். சக்கரம் புகைந்ததற்கும் அதுதான் காரணம். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் மனைவி பக்கத்தில் நின்றாள்.

"சேச்சே" என்றேன்.

அவள் காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த ஒரு 'சேச்சே'தான் பூஸ்டரைத் தேர்ந்தெடுத்தது. மாட்டி முடித்து முதல் தடவை மிதித்தபோது என் மூக்கு ஸ்டியரிங்கில் இடித்தது. அந்த மூக்கைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு நம்பிக்கையே வந்தது. ஊசி நாளன்று காரில் ஏறினாள். காலை மடக்கி சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். இத்தனை வருடத்தில் அவள் எனக்குச் செய்த பெரிய மரியாதை அது.

வளைவுகள் தொடங்கின. மூன்று வளைவு நன்றாகவே போயிற்று. ஏதோ எஸ்டேட் கதை சொல்லிக்கொண்டே போனேன். கதையின் நடுவில் என் கை, என்னைக் கேட்காமல், கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, சாவியை ஒரு சுற்றுத் திருப்பி அணைத்தது. வண்டி சத்தமில்லாமல் உருண்டது. அந்த அமைதி எனக்கு அவ்வளவு பழக்கம், உறைக்கவே இல்லை. முதல் மிதி பிடித்தது. இரண்டாவதும் பிடித்தது. அடுத்த வளைவில் பெடல் கல்லாக நின்றது. இரண்டு காலாலும் ஏறி மிதித்தேன். சுவர் வந்துகொண்டே இருந்தது.

"சாவி" என்றாள்.

திருகினேன். எஞ்சின் பிடித்தது, பெடல் இளகியது, வண்டி நின்றது. முன்பு ஒரு முழம் இருந்த இடைவெளி இந்த முறை ஒரு சாண்.

எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை. அவள்தான் பேசினாள். "அவர் கேட்டப்பவே எனக்குத் தெரியுமுங்க. நீங்களே நிறுத்திக்குவீங்கன்னு நெனச்சேன்."

மேலிருந்து பஸ் வந்தது. அவள் இறங்கிக் கையைக் காட்டினாள். பஸ் நின்றது, ஏறிக்கொண்டாள்.

இரண்டாவது கியரில் பஸ்ஸின் பின்னாலேயே இறங்கினேன். கடைசி சீட்டில் உட்கார்ந்து, வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, பின்கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வளைவில் விரல்களால் சாவி திருப்புவது போலக் காட்டினாள். எஞ்சின் ஓடுகிறதா என்று கேட்கிறாள். ஓடுகிறது என்று பலமாகத் தலையாட்டினேன். உண்மையாகவே ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அடுத்த வளைவில் மறுபடியும் கேட்டாள்.