செவலைக் கன்று யாருடையது

திண்டுக்கல்லில் தோல் மண்டி வைத்திருந்த ஒரு பாய் குடும்பம், காங்கேயம் மாட்டு இனத்தைக் காப்பாற்ற டிரஸ்ட் ஆரம்பித்தபோது எங்கள் ஊரே சிரித்தது. சத்தமாகச் சிரித்தவன் நான். அறுபதுகளின் ஆரம்பம் அது. கிணற்றுக்குக் கிணறு மோட்டார் வந்துகொண்டிருந்தது. தண்ணீர் இறைத்த காளைகளெல்லாம் அடிமாடாகப் போயின. நல்ல காளை வேண்டுமென்றால் ஒட்டன்சத்திரம் பக்கம்தான் போக வேண்டும். இதெல்லாம் என் மண்டையில் ஏறவில்லை. “தோல் விக்கிறவுக மாட்டுக்குத் தர்மம் பண்றாகளாம்” என்று டீக்கடையில் நக்கலடித்தேன்.

அடுத்த மாதமே காளை கேட்டு அவர்கள் வாசலில் முதல் ஆளாகப் போய் நின்றதும் நான்தான். பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் டிரஸ்டே தரும் என்று காதில் விழுந்துவிட்டது.

டிரஸ்ட் ஊருக்கு ஒரு பொலிகாளை கொடுக்கும். பசு கொண்டுவருகிறவர்களிடம் காசு வாங்கக் கூடாது. பிறக்கிற காளைக்கன்றை டிரஸ்ட் ஆள் வந்து பார்க்கும்வரை காயடிக்கக் கூடாது. அதில் தேறுவதை அவர்கள் விலைக்கு வாங்கி வளர்த்து வேறு ஊருக்குக் கொடுப்பார்கள். காளையைக் கொண்டுவந்த டிரஸ்ட் ஆள், ஒரு பழனிக்காரர், இன்னும் என்னென்னவோ சொன்னார். நான் வண்டியில் இருந்த மூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கன்று எப்படி விழுகிறது பார்ப்போம் என்று ஊர் காத்திருந்தபோது முதலில் பசுவைக் கொண்டுவந்தவர் என் பெரியப்பா மகன். பக்கத்து வீடு, நடுவில் ஒரு சுவர்தான். பழனிச் சந்தையில் வாங்கிய அசல் காங்கேயம் பசு, சாம்பல் பூத்த வெள்ளையில் நல்ல மயிலை. பத்தாம் மாதம் அது கன்று போட்டது. போய்ப் பார்த்தேன். செம்மண் நிறத்தில் ஒரு செவலை.

தெருவில் நின்று கத்தினேன். “காளையும் மயிலை, பசுவும் மயிலை. இந்தச் செவலை எங்கிட்டிருந்து வந்துச்சு? எந்தத் தெருமாட்டுகிட்ட விட்டுட்டு எங்க காளை பேரைக் கெடுக்குற?”

அண்ணன் கன்றைப் பிடித்து உள்ளே கட்டினார். மதினிதான், “போயி வாயைக் கழுவிட்டு வாங்க கொழுந்தனாரே” என்று கதவைச் சாத்தினார்.

அதன்பிறகு ஒரு பசுகூட வரவில்லை. என்னிடம் பேச்சு வாங்குவதற்குச் சிறுமலை அடிவாரத்தில் ஏதோ ஒரு நாட்டுக்காளையிடம் மாட்டை ஓட்டிப் போவதே மேல் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. காளை தின்று தின்று தேர் மாதிரி ஆனது. “மாப்பிள்ளை சோக்கா உக்காந்திருக்காரு, பொண்ணுதான் வரக் காணோம்” என்பாள் என் மனைவி.

நாலைந்து மாதம் கழித்துப் பழனிக்காரர் மறுபடி வந்தார்.

“ஏனுங்க, காளை நல்லாத்தான் இருக்குது. எத்தனை பசு சினையாச்சுங்க?”

“ஒண்ணு கன்னு போட்டுச்சு. அதுவும் நம்ம காளைக்கு இல்ல” என்று செவலைக் கதையைச் சொன்னேன்.

சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி சிரித்தார். “காங்கேயங் கன்னு செவலையாத்தானுங்க பொறக்கும். நாலஞ்சு மாசத்துல மயிலையாயிரும். காளையைக் கட்டுன அன்னைக்கே சொன்னனுங்களே.”

நான் மூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சொல்லியிருப்பார்.

பிறகு அவர் சிரிக்கவில்லை. “பசு வராத எடத்துல காளையை வெச்சிருந்தா டிரஸ்டுக்கு என்னங்க பிரயோசனம்? அடுத்த வாரம் வண்டி வரும். ஓட்டிக்கிட்டுப் போயிருவோம்.”

எங்கள் பக்கத்தில் இருந்த ஒரே காங்கேயம் காளை அது. அது போனால் எங்கள் ஊரில் அந்த இனம் அந்த ஒரு கன்றோடு சரி. புண்ணாக்குக்காக வாங்கியவன் நான். இருந்தும் அதை வண்டியேற்றி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

அண்ணன் வீட்டுக்குப் போனேன். தொழுவத்தில் கன்று நின்றது. வயிற்றில் மட்டும் கொஞ்சம் செம்மை, மற்றபடி அசல் மயிலை. சுவரைத் தாண்டி ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். எட்டிப் பார்ப்பது எனக்குக் கௌரவக் குறைச்சல்.

அண்ணன் பால் கறந்துகொண்டிருந்தார். திரும்பாமலே கேட்டார்: “என்னடா, தகப்பன் யாருன்னு விசாரிச்சிட்டியா?”

“காளையை ஓட்டிட்டுப் போகப் போறாகண்ணே.”

“போகட்டும். ஊருக்குக் காது வலியாச்சும் நிக்கும்.”

“ஊர்க்காரங்ககிட்ட நீங்க சொன்னா பசு வரும்.”

அண்ணன் கறந்து முடித்தார். எழுந்து சொம்பை மதினியிடம் கொடுத்தார். “காளை இங்கன நிக்கட்டும். எனக்குத் தீவனம் சுமக்க ஆள் இல்ல. நீ சொமந்து போடு. பசு வாரப்ப நீ வாசல்ல நிக்கக் கூடாது.”

சம்மதித்தேன். கோபத்தோடுதான் சம்மதித்தேன்.

வண்டி வந்தபோது அண்ணன் தொழுவத்தில் பசுக்கள் காத்து நின்றன. பழனிக்காரர் வரவில்லை, யாரோ ஒரு புது ஆள் வந்தார். பார்த்துவிட்டு, காளை இங்கேயே இருக்கட்டும் என்றார். சோளத்தட்டைக் கட்டோடு நான் உள்ளே நுழைந்தேன்.

“இவரு யாருங்க?” என்று அண்ணனைக் கேட்டார்.

“தீவனம் போடுற ஆளு” என்றார் அண்ணன்.

சுர்ரென்று வந்தது. நல்லதாக ஒன்று திட்டத் தலையை நிமிர்த்தினேன். பின்னால் நின்ற காளை தட்டைக் கட்டை வாயால் கவ்வி இழுத்தது. கட்டோடு மல்லாந்து சாணியில் விழுந்தேன்.