தாராபுரம் போகாத வாரம்

நான் தாராபுரம் போகவில்லை.

போகிறேன் என்று சொன்னது மட்டும் உண்மை. சொந்தக்காரர் வீட்டில் விசேஷம், ஒரு வாரம் உடற்பயிற்சி வகுப்புக்கு வர மாட்டேன் என்று முப்பது பெண்கள் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் டைப் செய்து, பக்கத்தில் ஒரு கும்பிடும் போட்டேன். அப்புறம் குழுவை ம்யூட் செய்துவிட்டு என் வீட்டு மொட்டை மாடிக்கு ஏறிப்போய் நடக்க ஆரம்பித்தேன். இது நடந்து மூன்று வாரம் ஆகிறது. யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும், உங்களை விட்டால் எனக்கு வேறு ஆள் இல்லை.

நான் மொட்டை மாடிக் கட்சி என்பது தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். இந்தப் பத்தித் தொடரிலேயே இரண்டு முறை பீற்றிக்கொண்டிருக்கிறேன். பதினொரு வருட நடை. தண்ணீர்த் தொட்டியிலிருந்து துணிக்கொடி வரை, துணிக்கொடியிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை. கூட ஆள் கிடையாது, பாட்டு கிடையாது, முக்கியமாக... கேள்வி கிடையாது.

ஏன் மாடி என்று நான் எழுதியதில்லை. அவர் போன புதிதில் பூங்காவில்தான் நடந்தேன். முதல் சுற்றில் ஒருவர் நிறுத்தி எப்படி ஆச்சு என்று கேட்பார், சொல்வேன். இரண்டாவது சுற்றில் வேறொருவர். மூன்றாவது சுற்றில், முதலில் கேட்டவரே விட்டுப்போன விவரம் ஒன்றைக் கேட்பார். எல்லோரும் அக்கறையாகத்தான் கேட்டார்கள். ஆனால் தினமும் காலை ஆறு மணிக்குக் கணவரைச் சாகக்கொடுக்க எனக்குத் தெம்பு இல்லை. பதினைந்தாவது நாள் மாடிக்கு ஏறிவிட்டேன்.

என் குணமும் ஒரு காரணம். இருபது வருடம் ஒரு பனியன் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் இருந்தவள் நான். பீஸை உள்ளும் புறமும் புரட்டி, தையல் விட்ட இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. மனிதர்களையும் அப்படியே புரட்டிப் பார்த்துப் பழகிவிட்டது. என்னை யாராவது புரட்டினால் மட்டும் ஆகாது.

போன வருடம் டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். எலும்பு தேய்கிறதாம். நடந்தால் போதாது, எடை தூக்க வேண்டும், தனியாகச் செய்தால் தப்புத் தப்பாகச் செய்வீர்கள், ஒரு வகுப்பில் சேருங்கள் என்றார். வெளியூரில் இருக்கிற மகள் அன்றைக்கே போனில் தேடி, என்னைக் கேட்காமலே பெயரைக் கொடுத்துவிட்டாள்.

பக்கத்துத் தெருவில் ஒரு காலத்தில் பனியன் துணி வெட்டுகிற கட்டிங் செக்‌ஷனாக இருந்த ஹால் அது. மேஜைகளைப் பிடுங்கிய அடையாளம் தரையில் இன்னும் இருக்கிறது. ரேவதி என்கிற பெண் அதை வாடகைக்கு எடுத்து, ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்து, இரண்டு ஸ்பீக்கர் வைத்திருக்கிறாள். காலை ஐந்தரைக்கு வகுப்பு. வருகிறவர்களில் பாதிக்கு மேல் டெய்லர்கள், செக்கிங் பெண்கள். நாள் முழுக்கக் குனிந்து உட்கார்கிறவர்கள்... கழுத்து வலி, இடுப்பு வலி இல்லாத ஒருத்தி கிடையாது. டம்பெல் எல்லோருக்கும் பத்தாது. அதனால் கடைசி வரிசைக்கு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்.

முதல் நாள். எல்லோரும் வலது பக்கம் திரும்ப, நான் இடது பக்கம் திரும்பினேன். பக்கத்தில் இருந்தவள் மேல் முழு வேகத்தில் மோதினேன். அவள் நெற்றியைத் தடவிக்கொண்டே சிரித்தாள்.

"பரவாயில்லீங்க அக்கா. மொத நாளு நான் இந்தத் தூணுலயே முட்டிக்கிட்டனுங்க."

அவள்தான் தனம். பேட்லாக் மெஷினில் பனியன் தைக்கிற டெய்லர், நாற்பத்தாறு வயது, குன்னத்தூர்ப் பக்கம் பிறந்த ஊர். ஹாலின் நடுவில் ஒரு தூண் உண்டு, அதை ஒட்டித்தான் நிற்பாள். மூச்சு வாங்கினால் சாய்ந்துகொள்ள வசதியாம். அவளுக்கு இந்தப் பக்கம் நான்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தனியாகச் செய்கிறபோது எட்டாவது தடவையில் என் உடம்பு நியாயம் பேச ஆரம்பிக்கும். போதும், வயசாகிவிட்டது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வக்கீல் மாதிரி அடுக்கும். பக்கத்தில் ஒருத்தி முக்கிக்கொண்டிருந்தால் அந்த வக்கீல் வாயே திறப்பதில்லை. நான் எட்டில் நின்றால் தனம் என் எண்ணிக்கையையும் சேர்த்துச் சத்தமாக எண்ணுவாள்... ஒம்பது, பத்து, பதினொண்ணு. வெட்கத்தில் பதினைந்து வரை போய்விடுவேன். இரண்டு மாதத்தில் மாடிப்படிக் கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறினேன்.

எல்லாம் சரி. அந்தக் கடைசி ஐந்து நிமிடம்தான் எனக்கு ஒத்துவரவில்லை.

வகுப்பு முடிந்ததும் எல்லோரும் வட்டமாக நின்று கையைக் கோர்த்துக்கொள்வார்கள். மூச்சை இழுத்து விடுவார்கள். பிறகு ஒவ்வொருத்தியும் மற்றவர்களைப் பார்த்து "போய்ட்டு வர்றனுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டுவாள். முப்பது பேருக்கும்! வியர்த்த கையை இன்னொரு வியர்த்த கைக்குள் கொடுத்துக்கொண்டு இது என்ன சடங்கு? ரேவதி கூல் டவுன் என்று அறிவித்த உடனே நான் என் விரிப்பைச் சுருட்டிவிடுவேன். ஸ்கூட்டரை எடுக்க வேண்டும், பால்காரர் வந்திருப்பார், குழாயில் தண்ணீர் வரும்... தினம் ஒரு காரணம். கண்ணாடியைப் பார்க்காமல் வாசலுக்குப் போய்விடுவேன்.

ஒருநாள் தனம் வாசல் வரைக்கும் பின்னாலேயே வந்தாள்.

"கம்பெனியில யாருமே சொல்லீட்டுப் போறதில்லீங்க அக்கா. சனிக்கெழம பக்கத்து மிஷின்ல இருக்கறவ, திங்கக்கெழம எந்தக் கம்பெனியில இருக்கறான்னே தெரியறதில்ல. இங்கயாச்சும் சொல்லீட்டுப் போலாமுங்க."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. இந்த ஊரில் வேலை மாறுவது சட்டை மாற்றுவது மாதிரி. ஆறு வருடம் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள், ஒரு வார்த்தை இல்லாமல் காணாமல் போவதை நானும் பார்த்திருக்கிறேன். அந்த வட்டத்தை ஆரம்பித்ததே தனம்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சரி, நாளைக்குச் சொல்கிறேன் என்று ஸ்கூட்டரைக் கிளப்பினேன். மறுநாளும் பால்காரர் வந்திருந்தார். இப்படியே பத்து மாதம்.

பொய்க்கு வருகிறேன்.

அன்று வெள்ளிக்கிழமை. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், முழங்கையை ஊன்றிப் பலகை மாதிரி நிற்கிற பயிற்சியில் என்னைப் பார்த்து, சார் என்ன பண்றாருங்க என்று கேட்டாள். பாவம், பேச்சுக் கொடுத்தாள், அவ்வளவுதான். ஆனால் அடுத்த வாரம் அவருடைய நினைவு நாள். எனக்குப் பூங்கா ஞாபகம் வந்துவிட்டது. இவளுக்குச் சொன்னால் அடுத்தவளுக்குச் சொல்ல வேண்டும், அப்புறம் முப்பது பேருக்கும்... அன்று சாயங்காலமே தாராபுரம் கிளம்பிவிட்டேன். மாடி வழியாக.

புதன்கிழமை எழுந்ததே லேட். ஏழே முக்காலுக்கு நடந்துகொண்டிருந்தேன். எங்கள் வீட்டு முன்னால் ஒரு வேகத்தடை உண்டு. அதில் ஏறி இறங்க ஒரு கம்பெனி வேன் மெதுவானது. ஜன்னலோரம் தனம். சும்மா நிமிர்ந்து பார்த்தாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஐம்பத்தாறு வயதில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குத்துக்கால் போட்டு ஒளிந்துகொண்டேன். அந்த வகுப்புக்குப் போனதால்தான் அவ்வளவு வேகமாகக் குனிய முடிந்தது என்பது தனிக் கொடுமை. வேன் சத்தம் மறைந்த பிறகு எழுந்தேன். அவள் பார்க்கவில்லை என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை வகுப்புக்குக் கிளம்பினேன். ஊருக்குப் போனவள் வெறுங்கையோடு வரலாமா? ஞாயிற்றுக்கிழமையே இங்கே பேக்கரியில் மைசூர்பாகு வாங்கி, கடைப் பெயர் போட்ட டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டு, எவர்சில்வர் டப்பாவில் மாற்றி வைத்திருந்தேன். தாராபுரத்து மைசூர்பாகு! குவாலிட்டி செக்கிங்கில் இருந்த மூளைக்கு ஏமாற்றவும் தெரியும்.

ஹாலில் பாட்டு இல்லை. எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். தூண் பக்கத்தில் யாரும் இல்லை. நான் டப்பாவைத் திறந்து, முதலில் இருந்தவளிடம் நீட்டினேன். ஊரிலிருந்து வந்தேன், எடுத்துக்கோ என்று சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அவள் டப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு அழ ஆரம்பித்தாள்.

தனம் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் மெஷினில் உட்கார்ந்திருந்தபடியே நெஞ்சைப் பிடித்திருக்கிறாள். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. சனிக்கிழமை எடுத்துவிட்டார்கள். வகுப்பு மொத்தமும் போயிருக்கிறது. குழுவில் எல்லாத் தகவலும் வந்திருக்கிறது, பார்த்திருப்பேன் என்று யாரும் தனியாகப் போன் செய்யவில்லை. ம்யூட் செய்துவிட்டு ஒரு வாரமாக நான் அதைத் திறக்கவே இல்லை. அவள் வீடு என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்.

ரேவதி என் கையிலிருந்த டப்பாவை வாங்கி மூடி, ஓரமாக வைத்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். வியாழக்கிழமை இரண்டு பேர் என் வீட்டுக்கு வருவதாக இருந்தார்களாம். முந்தின ராத்திரி என் வீட்டில் லைட் எரிவதைப் பார்த்துவிட்டு, ஊரிலிருந்து திரும்பிவிட்டேனோ, உடம்பு சரியில்லையோ என்று.

"தனம் அக்காதானுங்க வேண்டாம்னாங்க. 'நானே போன்ல பேசுனேன், தாராபுரத்துலதான் இருக்கறாங்க, லைட்ட அணைக்க மறந்துட்டாங்களாம்'னு அவங்களே சொன்னாங்க."

தனம் எனக்குப் போன் செய்யவே இல்லை.

அவள் பார்த்திருக்கிறாள். தொட்டிக்குப் பின்னால் நான் குனிந்ததைப் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு, என் பொய்க்குப் பக்கத்தில் தன்னுடைய பொய் ஒன்றையும் வைத்துத் தைத்துக் கொடுத்திருக்கிறாள்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். சின்ன வீடு. காலேஜில் படிக்கிற ஒரே மகள், சொந்தக்காரப் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். நான் யார் என்று சொன்னதும் எழுந்து வந்து, என்னைச் சமையலறைக்கு அழைத்துப்போனாள்.

"நீங்கதானுங்களா தாராபுரம் போன ஆன்ட்டி?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"அம்மா உங்கள மாடியில பார்த்துச்சாமுங்க. அந்த அக்காவுக்கு என்ன சங்கடமோ, தனியா இருக்கோணும்னு நெனைக்கறாங்க, யாரும் போய்க் கேக்கக் கூடாதுன்னு சொல்லுச்சுங்க. திங்கக்கெழம வந்தா, தாராபுரத்துல மழைங்களான்னு மட்டும் கேக்கோணும்னு சொல்லிச் சிரிச்சுச்சுங்க."

பதினொரு வருடமாக நான் தேடிக்கொண்டிருந்தது கேள்வி கேட்காத ஒரு ஆளைத்தான். அதற்காகத்தான் மாடிக்கு ஏறினேன். அந்த ஆள் பத்து மாதமாக ஒரு கை தூரத்தில் நின்று, எனக்காகப் பதினைந்து வரை எண்ணிக்கொண்டிருந்தாள். அவரைப் பற்றி அவளிடம் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம். அவளிடம் சொல்லியிருக்கலாம். அந்தச் சமையலறையில், அவர் போனபோதுகூட அழாத மாதிரி அழுதேன். தாயை இழந்த பெண் எனக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள்.

நேரமானது. கிளம்ப எழுந்தேன். அந்தப் பெண் வாசல் வரை வந்தாள். போய்விட்டு வருகிறேன் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது... கடித்துக்கொண்டேன். துக்க வீட்டில் அதைச் சொல்லக் கூடாது. வந்தது மாதிரியே பேசாமல் போய்விட வேண்டும். அதுதான் முறை.

பத்து மாதம், சொல்லச் சொல்லக் கேட்காமல், சொல்லாமலே போனவள் நான். சொல்ல வேண்டும் என்று தவித்த அன்றைக்கு, சொல்லக் கூடாத வாசலில் நின்றிருந்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

இப்போது தினமும் வகுப்புக்குப் போகிறேன். சார் என்ன பண்றாருங்க என்று கேட்ட பெண்ணிடம், அவர் இல்லை, பதினொரு வருடம் ஆகிறது என்று நானே போய்ச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வேறெதுவும் கேட்கவில்லை. இவ்வளவுதானா என்று இருந்தது. இதற்கா பதினொரு வருடம் மாடியில் நடந்தேன்?

எட்டில் நிற்கிறபோது எனக்காக எண்ண யாரும் இல்லை. நானே சத்தமாக எண்ணிக்கொள்கிறேன். சில நாள் பதினைந்து வருகிறது, சில நாள் குரல் உடைந்து பதினொன்றோடு நிற்கிறது.

தூண் பக்கத்து இடத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. நேற்று கூல் டவுனுக்கு விரிப்பைச் சுருட்டவில்லை. வட்டத்தில் நின்றேன். ஒரு பக்கம் ரேவதி கை, இன்னொரு பக்கம் ஊசி ஏறிக் காய்ப்புக் காய்த்த ஒரு டெய்லரின் கை. வியர்வை இருந்தது, இருந்துவிட்டுப் போகட்டும். முப்பது பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்துச் சொன்னேன்.

எல்லோரும் போன பிறகு தூண் பக்கம் போய் நின்றேன்.

"போய்ட்டு வர்றன், தனம்."

சொல்லக் கூடாதுதான். சொன்னேன்.