வெயிலில் வளைந்த நாற்பது பைப்புகள்

பத்திரிகையில் பிழை திருத்தும் வேலையை விட்டுவிட்டு, அரியமங்கலம் பக்கம் சைலன்சர் பைப்புகளை நேராக்கும் பட்டறையில் தரம் பார்க்கச் சேர்ந்திருந்தேன். ஸ்ரீரங்கத்திலிருந்து ஸ்கூட்டரில் பாலம் தாண்டி எட்டரைக்குப் போய்விடுவேன். கையுறை போட்டுக்கொண்டு ஒன்றரை மீட்டர் பைப்பை இரும்பு மேசையில் உருட்ட வேண்டும். நேராக இருந்தால் சத்தமில்லாமல் ஓடும். வளைந்திருந்தால் தடதடக்கும்.

தடதடப்பதை என்னோடு வேலை பார்க்கும் அக்காவிடம் கொடுப்பேன். வையம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். கையால் இயக்கும் கை பிரஸ்ஸில் வைத்து வளைவின் முதுகில் அழுத்துவார். ஒரு பைப்புக்கு மூன்று அழுத்துக்கு மேல் அவருக்குத் தேவைப்பட்டு நான் பார்த்ததில்லை.

அந்தச் சித்திரையில் ஒருநாள், பைப் வாங்கும் கம்பெனியின் இன்ஸ்பெக்டர் மூன்று மணிக்கு வருவதாக இருந்தது. மாதிரிக்கான நாற்பது பைப்புகளும் தேறாவிட்டால் கை பிரஸ்ஸை நிறுத்திவிட்டு அக்காவைப் பேக்கிங்குக்கு அனுப்பப்போவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

"பெட்டிக்கு டேப் ஒட்டவா நான் அம்புட்டு தூரத்துலேருந்து வரேன்?" என்று அக்கா காலையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார்.

பத்து மணிக்குள் நாற்பதும் சத்தமில்லாமல் ஓடின. உள்ளே நடமாட இடம் வேண்டியிருந்தது. வெளியே ஸ்டாண்டில் அடுக்கினோம். பன்னிரண்டு மணிக்குச் சும்மா ஒன்றை எடுத்து உருட்டினேன். தடதடத்தது. இன்னொன்று. அதுவும்.

"காலையில நீங்கதானே ஓகே போட்டீங்க, மேடம்?"

"நேராத்தான் இருந்துச்சுக்கா."

"அப்ப நான் தண்ணி குடிக்கப் போன நேரத்துல அதுங்களா வளைஞ்சுக்கிச்சா?"

அக்கா பன்னிரண்டு பைப்புகளை அப்படியே எடுத்து மறுபடி நேராக்கினார். உள்ளே தரையில் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். பாதி தயிர்சாதத்தில் மனம் கேட்காமல் எழுந்து ஒன்றை உருட்டினேன். தடதட. பன்னிரண்டுமே அப்படித்தான். இப்போது எதிர்ப்பக்கம் வளைந்திருந்தன.

அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று.

"வேப்பிலை அடிச்சாத்தான் சரியாகும்போல" என்று கண்ணைத் துடைத்தபடி, கையுறை போடாமல் மிச்சத்தை எடுக்க வெளியே போனவர், "ஆ!" என்று கையை உதறினார். பிறகு பைப்பின் அடியில் தொட்டார்.

"மேடம், இங்க வாங்க. மேல தோசைக்கல்லு. கீழ கை வைக்க முடியுது."

மேல்பக்கம் மட்டும் வெயிலில் சூடேறி நீண்டதால் பைப் வில்லாகியிருந்தது. அந்தச் சூட்டோடு நேராக்கியதால், ஆறியதும் மறுபக்கம் வளைந்துவிட்டது.

வெளியே இருந்த இருபத்தெட்டையும் உள்ளே தூக்கி வந்து ஃபேனுக்கு அடியில் பரப்பினோம். அரை மணி நேரத்தில் அவை தாமாகவே நேராயின. ஒவ்வொன்றும் சத்தமில்லாமல் ஓட ஓட நான் கைதட்டினேன். நாங்களே கெடுத்த பன்னிரண்டை அக்கா விறுவிறுவென்று அழுத்தினார். கடைசி பைப்பை பிரஸ்ஸிலிருந்து உருவும்போது இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார்.

"என்னங்க, பைப்புக்கு ஃபேன் போட்டிருக்கீங்க?"

"வேர்க்குது சார்" என்றார் அக்கா, முகம் மாறாமல். நான் ரெஜிஸ்டரில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். தோள் குலுங்குவதை நிறுத்த முடியவில்லை.

இன்ஸ்பெக்டர் நாற்பதையும் உருட்டினார். அறையில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. நாற்பதாவது ஓடி முடிந்ததும் நிமிர்ந்தார்.

"பிரஸ்ல யாரு?"

அக்கா வகுப்பில் பிள்ளைகள் தூக்குவதுபோலக் கையைத் தூக்கினார்.

"இவங்களே செய்யட்டும். நாளைக்கே அடுத்த லோடு அனுப்புறேன்."

"அனுப்புங்க சார்" என்றார் அக்கா. "வெயில் தாழ அனுப்புங்க."