உறுமலுக்குச் சுருதி கூட்டியவர்

தட்சிணாமூர்த்தியைப் பற்றி எழுதுவதென்றால் அடிதடியில்தான் தொடங்க வேண்டும். எனக்குத் தெரிந்து அவர் மூன்று முறை கை நீட்டியிருக்கிறார். மூன்று முறையும் காரணம் ஒன்றுதான். அந்தக் காரணத்தைக் கேட்காமலே ஊர் அவருக்கு ரவுடி என்று பெயர் வைத்தது. நான் ரேஷ்மா, பட்டாபிராம்காரி, 'கேட் மூடியாச்சு' பாண்டில் டிரம்ஸ் வாசிக்கிறேன். எனக்கும் மூக்குக்கு மேலே கோபம் வரும். மனிதர்களை அடிக்காமல் இருக்கத்தான் இவள் டிரம்ஸ் பக்கம் போனாள் என்று அம்மா சொல்வாள்.

எங்கள் பாட்டுகளைக் கேட்டவர்களுக்குத் தெரியும், எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் உறுமல் ஓடிக்கொண்டே இருக்கும். அது எங்கிருந்து வந்தது என்று பேட்டிக்குப் பேட்டி கேட்கிறார்கள். "அது ஒரு மனநிலை" என்கிறான் எங்கள் பாடகன் விஷால். மண்ணாங்கட்டி. அது ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர். அதைச் சங்கீதமாக்கியது அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்த ஓர் எலக்ட்ரீஷியன். அவர் பெயர் எந்தப் பேட்டியிலும் வந்ததில்லை.

தட்சிணாமூர்த்திக்குப் பாரிவாக்கத்தில் விவசாயக் குடும்பம். அப்பா ஜானகிராமன் கத்தரிக்காய் போட்ட நிலத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. திருச்சியிலிருந்து வந்த விஷாலின் குடும்பம் அதில்தான் ஃபிளாட் வாங்கியது. தட்சிணாமூர்த்தி ஐடிஐ முடித்துவிட்டு, தகடு வெட்டும் ஒரு பிரஸ் ஷாப்பில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்தார். அந்த மெஷினில் இரண்டு பட்டன்களை இரண்டு கையாலும் அழுத்தினால்தான் மேல்கட்டை இறங்கும். கை உள்ளே இருக்கக்கூடாது என்பதற்காக அப்படி. ஆனால் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று சூப்பர்வைசர் ஒரு பட்டனைக் கம்பியால் கட்டி வைத்திருந்தான். சுப்பராயன் என்ற ஆப்பரேட்டர் ஒரு கையால் தகட்டைத் தள்ளி, மறு கையால் பட்டனை அழுத்தினார். நான்கு விரல் போயிற்று. மெயினை அணைத்தவரும், பனியனைக் கழற்றி அந்த மணிக்கட்டை இறுக்கியவரும், வெட்டுத் துண்டுகளுக்கு நடுவிலிருந்து விரல்களைப் பொறுக்கியவரும் தட்சிணாமூர்த்திதான். மறு வாரமே அதே பட்டன் மறுபடி கட்டப்பட்டிருந்தது. சூப்பர்வைசரின் பின்தலையைப் பிடித்து மெஷின் மேஜையில் ஒரே மோது மோதினார். இரண்டு பல் விழுந்தது, வேலை போனது, போலீஸ் கேஸும் ஆனது.

அதற்குப் பிறகு கல்யாணக் கச்சேரிக் குழுக்களுக்கு மேடை ஒயரிங் போட்டுக்கொண்டிருந்தார். பேஸ் கிட்டார்காரன் வராத நாட்களில் இவர் எடுத்து வாசிப்பார். அப்படியே கற்றுக்கொண்டார்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் நசரத்பேட்டையில், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைக்குப் பின்னால் ஒரு தகர ஷெட்டில் நாங்கள் மூன்று பேரும் ஆரம்பித்தோம். ஷெட்டை அவர்தான் பிடித்துக் கொடுத்தார். பாண்டுக்குப் பெயர் வைத்தவரும் அவர்தான், ரயில்வே கேட்டைச் சாக்குச் சொல்லி நான் தினமும் தாமதமாக வந்ததைக் கிண்டலடித்து வைத்தது. விஷாலின் செகண்ட் ஹாண்ட் ஆம்ப்ளிஃபயர் ஸ்விட்சைப் போட்டதுமே உறுமும். ஒரு ஞாயிற்றுக்கிழமை விஷால் ஹாக்ஸா பிளேடை எடுத்து, பிளக்கின் மேலே இருக்கும் பெரிய பின்னை அறுத்துவிட்டான். உறுமல் நின்றது. அவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். உள்ளே வந்த தட்சிணாமூர்த்தி பிளக்கைப் பார்த்தார், அவ்வளவுதான். விஷால் என் டிரம்ஸ் மேல் வந்து விழுந்தான். உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம்.

"இன்னாடா பண்ணி வச்சிகீறே? இதுல கரண்டு லீக் ஆவுது. எர்த்துதான் அத்த இஸ்துகினு போவுது. அது இல்லன்னா நேரா உன் கிட்டார் கம்பில வந்து குந்தும். கம்பில கைய வச்சிகினு மைக்குல வாய வச்சே, பொணம்தான்."

"வாயால சொல்ல வேண்டியதுதானே அண்ணா, எதுக்கு அடிக்கிறீங்க?" விஷால் உதட்டைப் பொத்திக்கொண்டே சொன்னான். "இன்னொரு தடவை யார் மேலயாவது கை வச்சீங்கன்னா இந்த பாண்ட்ல நீங்க இல்ல. ரேஷ்மா, நீதான் சாட்சி."

தட்சிணாமூர்த்தியின் முகம் செத்துப்போனது. கல்யாணம் இல்லை, நிலையான வேலை இல்லை. அந்தத் தகர ஷெட்டை விட்டால் அவருக்கு வேறு ஒன்றும் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். "செரி மச்சான், இனிமே கை ஓங்க மாட்டேன். வாசிக்க வுட்டா போதும்" என்றார்.

பிறகு புது பிளக்கை மாட்டினார். உறுமல் திரும்பி வந்தது. அதன் பக்கத்திலேயே பேஸ் கிட்டாரோடு குந்தி, இரண்டு மணி நேரம் கம்பியைத் திருகிக்கொண்டிருந்தார். அந்த உறுமல் 'ஜி' சுரத்துக்கு ஓர் இழை மேலே நின்றது. அதிலேயே பேஸைக் கூட்டினார், விஷாலின் கிட்டாரைக் கூட்டினார், என் பெரிய டிரம்மின் தோலைக்கூட அதற்கு ஏற்றபடி இறுக்கினார். ஒன்றாக வாசித்தபோது ஷெட்டின் தகரமே கூடச் சேர்ந்து அதிர்ந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது, பொய் சொல்லவில்லை. அன்றிலிருந்து எங்கள் பாட்டெல்லாம் அந்தச் சுருதிதான். சேர வந்த கீபோர்டுகாரன் ஒருவன், எந்தக் கட்டையும் ஒத்துப்போகாமல் அரை மணியில் ஓடிப்போனான். பாட்டைத் தொடங்க நான் குச்சி தட்டி எண்ணுவதையும் தட்சிணாமூர்த்தி நிறுத்தினார். முதலில் உறுமலை மட்டும் நான்கு எண்ணிக்கை கேட்க வேண்டும், அப்புறம்தான் அடி. இன்று ஜனங்கள் விசிலடிப்பது அந்த நான்கு எண்ணிக்கைக்குத்தான்.

பெயர் விஷாலுக்கு வந்தது. போஸ்டரில் அவன் முகம் பெரிதாக, என் முகம் சின்னதாக, தட்சிணாமூர்த்தி இருக்கவே மாட்டார். நான் ஒருமுறை சண்டைக்குப் போனேன். அவரே என்னை அடக்கினார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பூந்தமல்லி பக்கம் ஒரு மைதானத்தில் நிகழ்ச்சி. சாயங்காலம் நான்கு மணி. மத்தியானம் பெய்த தூறலில் மேடைப் பலகையெல்லாம் ஈரம். எங்களைப் பார்க்கவென்று மும்பை மியூசிக் கம்பெனி ஆள் ஒருவர் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். சவுண்டும் கரண்டும் தேவராஜ் என்ற கான்ட்ராக்டருடையது. உறுமல் அவனுக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது; தன் செட்டில் கோளாறு என்று நினைப்பார்களாம். நாங்கள் மேடையேறப் படியில் நின்றபோது, அவன் பின்னால் போய் ஆம்ப்ளிஃபயர் பிளக்கின் எர்த் பின்னை வெட்டியிருக்கிறான். எங்களுக்குத் தெரியாது.

விஷால் காதில் மானிட்டர் இயர்ஃபோனை அடைத்துக்கொண்டு ஆம்ப்ளிஃபயரைப் போட்டான். நான் குச்சிகளைத் தூக்கினேன். நான்கு எண்ணிக்கை கேட்க வேண்டும். கேட்க ஒன்றும் இல்லை. தட்சிணாமூர்த்தி திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கும் அதே நொடியில் புரிந்தது.

"டேய், வாய வெக்காதே" என்று கத்தினார் அவர். விஷாலுக்குக் கேட்கவில்லை. இடது கை கம்பியில், உதட்டுக்கும் மைக்குக்கும் ஒரு சாண்தான். பிளக் மேடைக்குப் பின்னால் கீழே இருந்தது. தட்சிணாமூர்த்தி இரண்டே எட்டில் பாய்ந்து, பேஸ் கிட்டாரைக் கழுத்தோடு பிடித்து, விஷாலின் தோளில் ஓங்கி அடித்தார். எலும்பு முறிந்த சத்தம் என் இடத்துக்குக் கேட்டது. கிட்டார் ஒரு பக்கம், மைக் ஸ்டாண்டு ஒரு பக்கம், விஷால் ஒரு பக்கம் விழுந்து அலறினான்.

தேவராஜின் ஆட்கள் தட்சிணாமூர்த்தியைக் காலைப் பிடித்து இழுத்துச் சேற்றில் தள்ளினார்கள். பந்தல் போட்டதில் மிச்சமிருந்த சவுக்குக் கட்டைகளால் அடித்தார்கள். "பிளக்க புடுங்குங்கடா, பிளக்க புடுங்குங்கடா" என்று கத்திக்கொண்டே அடி வாங்கினார். வாயில் ஒரு கட்டை விழுந்ததும் அந்தச் சத்தமும் நின்றது. ஒருவன் அவருடைய இடது கையை பூட்ஸால் மிதித்துத் திருகினான். நாயை அடிப்பது போல் அடித்தார்கள்.

நான் மேடையில்தான் நின்றேன். அவர் சட்டைப்பையிலிருந்து விழுந்த டெஸ்டர் என் காலடியில் கிடந்தது. அதை எடுத்து, கீழே கிடந்த விஷாலின் கிட்டார் கம்பியில் வைத்தேன். உள்ளே இருக்கும் சின்ன பல்பு சிவப்பாக எரிந்தது.

அப்போது நான் கத்தியிருக்க வேண்டும். டெஸ்டரை ஜீன்ஸ் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். கரண்ட் கோளாறு என்று வெளியே வந்தால் நிகழ்ச்சி கேஸாகிவிடும், மும்பைக்காரர் எழுந்து போய்விடுவார், ஆறு வருஷம் வீணாகும் என்று அந்த ஒரு நொடியில் கணக்குப் போட்டேன். கேவலம்தான், வேறு வார்த்தை இல்லை. போலீஸ் வருவதற்குள் தேவராஜ் பிளக்கை மாற்றிவிட்டான். "எதுக்கு அடிச்சான்?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். "தெரியாது சார்" என்றேன். காரணமே இல்லாமல் அடித்தார் என்றுதான் விஷாலும் நம்பினான். மூன்று மாதத்தில் அவன் எலும்பு கூடியது. கம்பெனி எங்களை எடுத்துக்கொண்டது. புது பேஸ்காரன் வந்தான். உறுமலை இப்போது லேப்டாப்பிலிருந்து விடுகிறோம்.

போன வாரம் பாரிவாக்கம் போனேன். பஸ் ஸ்டாப் பக்கத்தில் மிக்ஸி, மின்விசிறி ரிப்பேர் கடை. தட்சிணாமூர்த்தி இருந்த சாமானையெல்லாம் அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். இடது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. இனி எந்தக் கம்பியையும் அழுத்த முடியாது.

"அண்ணாத்தே, அன்னிக்கு கிட்டார் கம்பியில கரண்ட் இருந்திச்சு. நான் டெஸ்டர் வச்சுப் பாத்தேன்" என்றேன். அடிப்பார் என்று தயாராகத்தான் நின்றேன்.

"தெர்யும்மா" என்றார். "கீய வுழுந்து அடி வாங்கசொல்லோ மேல உன்னத்தான் பாத்துகினு இருந்தேன். லைட்டு எரிஞ்சுது. நீ பாக்கெட்ல போட்டே."

கேஸ் எந்த நிலையில் இருக்கிறது என்று மட்டும் கேட்டேன்.

"முட்ஞ்சிபோச்சு. ஆறு மாசம். பயைய கேஸு ஒண்ணு கீதுல்ல, அதான். திங்கக்கெயம உள்ள போறேன்."

"எம்பேரைச் சொல்லி இருக்கலாமே அண்ணாத்தே. கோர்ட்டே என்னைக் கூப்பிட்டிருக்குமே."

அவர் பெட்டியைக் கயிற்றால் கட்டினார். மடங்காத விரல்களால் முடிச்சு விழ நேரமானது.

"உன் பக்கம் பேச யாருனா கீறாங்களான்னு ஜட்ஜம்மா கேட்டாங்க. ஒரு பொண்ணு கீதும்மா, அதுவா வரும்னு சொன்னேன். மூணு வாய்தா குடுத்துப் பாத்தாங்க."